மூக்கைத் திறக்கும் விமானம்

எத்தியோப்பியாவின் வடகோடியில், கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது அக்சும். 2005 ஏப்ரல் 19 அன்று அதிகாலை, அந்தச் சிறு நகரத்தின் விமான நிலையத்தில் ஒரு கல் வந்து இறங்கியது. ஏறக்குறைய 1,700 ஆண்டுகளுக்கு முன்பு செதுக்கப்பட்ட, 24 மீட்டர் உயரமுள்ள கல்தூணின் ஒரு துண்டு அது. 1937-இல் முசோலினியின் இத்தாலி அந்தத் தூணை எடுத்துச் சென்று ரோம் நகரத்துச் சதுக்கம் ஒன்றில் நட்டுவைத்தது. பல பத்தாண்டு இழுபறிக்குப் பிறகு 2003-இல் அதை மூன்று துண்டுகளாகப் பிரித்து இறக்கினார்கள். மொத்த எடை 160 டன் அளவுக்கு இருந்தது. ஆகப் பெரிய துண்டு மட்டுமே ஏறத்தாழ 60 டன்.

போகும்போது கப்பலில் போன கல், திரும்பும்போது ஏன் விமானத்தில் வந்தது? 1993-இல் எரித்ரியா தனி நாடானதும் எத்தியோப்பியாவுக்குக் கடற்கரையே இல்லாமல் போயிற்று. 1998-இல் இரு நாடுகளுக்கும் போர் மூண்டதில் எரித்ரியாவின் மசாவா துறைமுகத்தின் வழியும் அடைபட்டது. மற்ற துறைமுகங்களிலிருந்து வரும் மலைச்சாலைகளும் பாலங்களும் 60 டன் கல்லைத் தாங்கக்கூடியவை அல்ல. மிச்சம் இருந்தது வான்வழி. அத்தனை எடையை ஒரே துண்டாக ஏற்றிச் செல்லும் விமான வகைகள் உலகில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றுள் ஒன்றான ஆன்டனோவ் ஆன்-124, ஏப்ரல் 19, 22, 25 ஆகிய நாட்களில் நடைக்கு ஒரு துண்டாகக் கொண்டுவந்து சேர்த்தது.

பயணிகள் விமானத்தை வெளியிலிருந்து பார்த்தாலும் உள்ளே என்ன இருக்கும் என்று நமக்குத் தெரியும்: நடைபாதை, இருக்கைகள், சன்னல்கள். சரக்கு விமானம் அப்படியல்ல. அதில் இறக்கை எங்கே இருக்க வேண்டும், சக்கரங்கள் எத்தனை, மூக்கு எப்படித் திறக்க வேண்டும், விமானி எந்த மாடியில் உட்கார வேண்டும் என்பது வரை எல்லாவற்றையும் தீர்மானிப்பது சரக்குதான். இந்த அத்தியாயத்தில் ஆன்-124-இன் மூக்கு வழியாக உள்ளே நுழைந்து, காக்பிட் வரை ஏறிப் பார்ப்போம்.

மண்டியிடும் இயந்திரம்

ஆன்-124 முதலில் பறந்தது 1982 டிசம்பர் 24 அன்று, அன்றைய சோவியத் ஒன்றியத்தின் கீவ் நகரில். புஷ்கின் காவியத்தின் நாயகனான ருஸ்லானின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். நீளம் 69 மீட்டர். ஓர் இறக்கை நுனியிலிருந்து மறு நுனி வரை 73 மீட்டர். நான்கு என்ஜின்கள் ஒவ்வொன்றும் 23 டன்னுக்கு மேல் உந்துவிசை தரும். ராணுவ டாங்கிகளையும் ஏவுகணைகளையும் சுமக்கப் பிறந்த இந்த விமானம், சோவியத் ஒன்றியத்தின் கடைசி ஆண்டுகளில் வாடகைக்கு ஓடத் தொடங்கியது. மின்நிலைய ஜெனரேட்டர், செயற்கைக்கோள், எண்ணெய்க் கிணற்றுக் கருவி என்று வேறெந்த விமானத்திலும் நுழையாதவை அதைத் தேடி வந்தன. 1994-இல் கனடாவில் செய்த, நூறு டன்னுக்கு மேல் எடையுள்ள ஒரு டீசல் ரயில் என்ஜின், அயர்லாந்தின் டப்ளினுக்கு இதில்தான் பறந்துபோய்ச் சேர்ந்தது.

விமானம் நின்றதும் மூக்கு முழுவதும் மேல்நோக்கித் தூக்கிக்கொண்டு திறக்கும். முன்பகுதியின் அடியிலிருந்து இரண்டு தடித்த ஹைட்ராலிக் கால்கள் இறங்கித் தரையில் ஊன்றும். எடை அவற்றுக்கு மாறியதும் முன்சக்கரங்கள் முன்புறமாக மடங்கும், கால்கள் சுருங்கும், விமானத்தின் தலை மெல்லத் தாழும். பிறகு மடிந்திருக்கும் சாய்தளம் வெளியே விரிந்து தரையைத் தொடும். தலை தாழ்வதால் சாய்தளத்தின் சரிவு குறைகிறது. எழுபது, எண்பது டன் பொருளைச் சக்கரம் வைத்து உள்ளே இழுக்கும்போது ஒவ்வொரு பாகைச் சரிவும் கணக்கில் வரும். பின்பக்கத்திலும் ஒரு கதவும் சாய்தளமும் உண்டு. ஆகவே ஒரு லாரி வால்பக்கம் ஏறி மூக்குப்பக்கம் இறங்கிப் போக முடியும்.

மண்டியிடுவது ஒருபுறம்; சரக்கறையின் தரை தாழ்வாக இருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. அது இறக்கையின் இடம். விமானத்தின் இரு இறக்கைகளையும் இணைக்கும் நடுப்பெட்டிதான் அதன் முதுகெலும்பு. அது உடலைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போயே ஆக வேண்டும். பயணிகள் விமானத்தில் அது காலடியில் போகிறது. ஆன்-124-இல் அதைக் கூரைக்கு மேல் ஏற்றிவிட்டார்கள். சரக்கறையின் தரை நிலத்தருகே வந்துவிட்டது, உயரமும் தடையின்றிக் கிடைத்தது. என்ஜின்களும் நிலத்திலிருந்து எட்டத் தொங்குவதால் கரடுமுரடான ஓடுபாதையின் கல்லும் தூசியும் உள்ளே புகும் ஆபத்து குறைவு.

அதற்கு விலையும் உண்டு. இறக்கை மேலே போனதால் சக்கரங்களை அதில் பொருத்த முடியாது. உடலின் இருபுறமும் புடைப்பு வைத்து அங்கே ஒடுக்க வேண்டியிருக்கிறது. பக்கத்துக்குப் பத்து, முன்னே நான்கு, ஆக 24 சக்கரங்கள். ஏறக்குறைய 400 டன் எடையோடு தரையில் உருளும் விமானம், ஓடுபாதையின் எந்தவோர் இடத்தையும் அளவுக்கு மீறி அழுத்தாமல் இருப்பதற்கே இத்தனை சக்கரங்கள்.

சரக்கறைக்குள்

உள்ளே நின்றால் சன்னல் இல்லை, பஞ்சு வைத்த சுவர் இல்லை. 36 மீட்டர் நீளம், 6.4 மீட்டர் அகலம், 4.4 மீட்டர் உயரம். ஆயிரம் கன மீட்டருக்கு மேற்பட்ட வெற்றிடம். தரையில் டைட்டானியம் தகடுகள், அவற்றில் வரிசை வரிசையாகச் சங்கிலி மாட்டும் வளையங்கள். அண்ணாந்து பார்த்தால் கூரையில் நீளவாக்கில் தண்டவாளங்கள், அவற்றில் ஓடும் கிரேன்கள். துறைமுக வசதி ஏதும் இல்லாத இடத்திலும், 20 டன் வரையுள்ள பொருளை விமானம் தானே தூக்கி உள்ளே வைத்துக்கொள்ளும். அதற்கு மேற்பட்டதைச் சாய்தளத்திலோ தற்காலிகத் தண்டவாளத்திலோ வின்ச் வைத்து இழுக்க வேண்டும்.

பறக்கும்போது இந்த அறையில் ஆட்கள் பயணிப்பதில்லை. காரணம் காற்றழுத்தம். உயரே போகப் போக வெளிக்காற்று மெலியும். அதனால் உள்ளே காற்றை அழுத்தி நிரப்ப வேண்டும். அப்போது உடலின் தகட்டில் விழும் இழுவிசை, உள் அழுத்தம் எவ்வளவோ, உடலின் குறுக்களவு எவ்வளவோ, அவற்றின் பெருக்கலுக்கேற்பக் கூடும். இத்தனை அகன்ற உடலில், மூக்கிலும் வாலிலும் பெரிய திறப்புகளோடு, பயணிகள் விமானத்தின் அழுத்தத்தைத் தாங்க வேண்டுமென்றால் தகடு தடிக்க வேண்டும். தகடு தடித்தால் தூக்கும் சரக்கு குறையும். எனவே வெளிக்காற்றைவிடக் கால் வளிமண்டல அளவுக்கே சரக்கறையில் அழுத்தம் கூட்டுகிறார்கள். கல்லுக்கும் ஜெனரேட்டருக்கும் அது போதும். மனிதர்கள் மேல்மாடிக்குப் போய்விட வேண்டும். அங்கே முழு அழுத்தமுள்ள இரண்டு அறைகள்: இறக்கைக்கு முன்னே காக்பிட்டும் மாற்றுக் குழுவின் ஓய்வறையும், பின்னே துணை ஆட்களுக்கான இருக்கைகளும். நடுவில் இறக்கைப்பெட்டி குறுக்கிடுவதால் மாடியில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக வழி கிடையாது.

ஏணி ஏறினால் ஆறு பேர்

முன்புற ஏணியில் ஏறினால் காக்பிட். முதலில் கண்ணில் படுவது நிறம். கருவிப் பலகைகள் எல்லாம் பச்சை கலந்த நீலம். சோவியத் விமானங்களுக்கே உரிய வண்ணம் இது. கண் அயர்ச்சியைக் குறைக்கும் என்ற எண்ணத்தில் தேர்ந்தெடுத்தது. அடுத்து வியப்பது ஆட்களின் எண்ணிக்கை. முன்னே இரண்டு விமானிகள். அவர்களுக்குப் பின்னால் வழிகாட்டி ஒருவர், வானொலித் தொடர்பாளர் ஒருவர், விமானப் பொறியாளர்கள் இருவர். ஆன்-124-இன் மூல வடிவத்தில் ஆறு பேர் சேர்ந்தால்தான் விமானம் பறக்கும்.

பொறியாளர்களின் பலகையில் வட்ட வட்டமான முள் காட்டிகள் அடுக்கடுக்காக நிற்கும். நான்கு என்ஜின்களின் வெப்பம், சுழற்சி, எண்ணெய் அழுத்தம், ஹைட்ராலிக், மின்சாரம், காற்றழுத்தம், எல்லாம் அவர்கள் பொறுப்பு. விமானி வேகத்தையும் உயரத்தையும் பார்த்துக்கொண்டிருக்க, இவர்கள் இயந்திரத்தின் நாடியைப் பார்ப்பார்கள். எரிபொருள் கணக்கு அதில் பெரிய வேலை. தொட்டிகள் நிறைய இருநூறு டன்னுக்கு மேல் எரிபொருள் பிடிக்கும். ஆனால் தொட்டியையும் நிரப்பி, சரக்கறையையும் நிரப்பி மேலேற முடியாது. 120 டன் சரக்கு ஏற்றினால் ஏறத்தாழ 4,500 கிலோமீட்டர்தான் ஓடும். காலியாகப் பறந்தால் 14,000 கிலோமீட்டர் வரை போகும். நீண்ட பயணத்துக்குக் கனமான சரக்கை ஒப்புக்கொண்ட விமானம் வழியில் இறங்கி இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு போவது இதனால்தான்.

அக்சுமில் இன்னொரு கணக்கும் சேர்ந்துகொண்டது. 2,100 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே தூக்குவிசை கிடைக்க விமானம் பத்து சதவீதத்துக்கு மேல் கூடுதல் வேகத்தில் ஓட வேண்டும். நீளமான ஓடுபாதை வேண்டும். என்ஜினுக்குள் போகும் காற்றும் குறைவதால் உந்துவிசையும் தளரும். வெயில் ஏற ஏறக் காற்று இன்னும் மெலியும். மலைநாட்டு விமான நிலையங்களில் கனத்த விமானங்கள் விடியற்காலைக் குளிரைத் தேடுவது அனுபவசாலிகளின் வழக்கம்.

போயிங்கின் திமில்

இன்று வானில் ஆன்-124-ஐவிட அதிகம் காணப்படும் பெரிய சரக்கு விமானம் போயிங் 747. அதன் முன்பகுதியில் திமில் போல எழும்பியிருக்கும் மேல்மாடியை எல்லோரும் பார்த்திருப்போம். அது பயணிகளின் சொகுசுக்காக வைத்தது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதை அங்கே வைத்தது சரக்கு.

1960-களின் நடுவில் ஜோ சட்டர் தலைமையில் போயிங் பொறியாளர்கள் 747-ஐ வரைந்துகொண்டிருந்தபோது, பயணிகள் எல்லோரும் சீக்கிரமே ஒலியை மிஞ்சும் விமானங்களுக்கு மாறிவிடுவார்கள் என்பது பொதுவான நம்பிக்கை. அப்படி நடந்தால் 747 சரக்கு விமானமாகப் பிழைக்க வேண்டும். எட்டடி அகலமுள்ள கன்டெய்னர்கள் இரண்டு பக்கம் பக்கமாக உள்ளே போக வேண்டும். நீளமான பொருளை நேராகச் செருக மூக்கு திறக்க வேண்டும். மூக்கில் விமானி உட்கார்ந்திருந்தால் அது எப்படித் திறக்கும்? தூக்கி மாடியில் வைத்தார்கள். இன்னொரு நன்மையும் கிடைத்தது: மோதலில் சரக்கு முன்னே பாய்ந்தாலும் விமானிகளுக்குக் கீழாகப் போகும். ஒலியை மிஞ்சும் விமானங்கள் பெரிதாக எடுபடவில்லை. 1969 பிப்ரவரி 9 அன்று முதலில் பறந்த 747, பயணிகளைச் சுமந்தே உலகப் புகழ் பெற்றது. ஆனால் முதலில் போட்ட கணக்கும் வீணாகவில்லை. 1,574-ஆவதாக, கடைசியாக 2023 ஜனவரியில் கைமாறிய 747 ஒரு சரக்கு விமானமே.

இதன் காக்பிட்டில் இரண்டே பேர். பழைய 747-இல் பொறியாளரும் சேர்த்து மூவர் இருந்தார்கள். 1988-இல் பறந்த 747-400 வகையில் அவருடைய வேலையைக் கணினி வாங்கிக்கொண்டது. விளக்கு, முள்காட்டி, பொத்தான் எல்லாம் சேர்த்து 971 இருந்ததை 365 ஆகக் குறைத்தது போயிங். ஒழுங்காக ஓடும் கருவிகளில் பெரும்பாலானவற்றைத் திரை காட்டாது. கோளாறு வந்தால் மட்டும் எழுத்தில் சொல்லும். தரையிலிருந்து எட்டரை மீட்டர் உயரத்தில் விமானியின் கண். முன்சக்கரம் அவருக்குப் பின்னால் இருப்பதால், திருப்பத்தில் தன் இருக்கை ஓடுபாதையின் ஓரத்தைத் தாண்டிப் போன பிறகே சக்கரத்தைத் திருப்பக் கற்க வேண்டும்.

747-இன் இறக்கை கீழே இருப்பதால் சரக்குத் தளம் தரையிலிருந்து சுமார் ஐந்து மீட்டர் உயரத்தில் நிற்கிறது. சாய்தளம் சாத்தியமில்லை, தூக்கித் தரும் வண்டி வெளியே வேண்டும். சரக்கை அலுமினியப் பலகைகளான பேலட்டுகளில் அடுக்கி, வலை போட்டு இறுக்கி, தரையில் பதித்த உருளைகளின் மேல் தள்ளிப் பூட்டுகிறார்கள். பெட்டி பெட்டியாக வரும் ஏற்றுமதிச் சரக்குக்கு இது பொருத்தம். ஒற்றைப் பெரும்பொருளுக்கு ருஸ்லான்தான்.

ஒரு மீட்டர் நகர்ந்தால்

ஆறு பேரோ இரண்டு பேரோ, காக்பிட்டில் இருப்பவர்கள் நம்பிப் பறப்பது ஒரு தாளை. எந்தப் பொருள், என்ன எடை, எந்த இடத்தில் என்று எழுதிய சுமைக் கணக்கு. அதைத் தயாரித்து, ஏற்றுவதை மேற்பார்வையிட்டு, கட்டியதைச் சரிபார்ப்பவர் லோட்மாஸ்டர். அமெரிக்க ராணுவத்தின் சி-17 விமானத்தில் விமானிகள் இருவர், லோட்மாஸ்டர் ஒருவர், ஆக மூவரே குழு. 2023 மார்ச்சில் நிசார் செயற்கைக்கோளின் ரேடார் கருவிகள் கலிபோர்னியாவிலிருந்து பெங்களூருக்கு வந்தது அந்த வகை விமானத்தில்தான்.

கிணற்றடி ஏற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஏற்றமரத்தின் மேல் நடப்பவர் கிணற்றுப் பக்கம் ஓரடி வைத்தால் சால் தாழும், மறுபக்கம் ஓரடி வைத்தால் எழும். அவர் எடை மாறவில்லை. நின்ற இடம்தான் மாறியது. விமானத்திலும் அதே கணக்கு. மொத்தம் 360 டன் எடையுள்ள விமானத்தில் 60 டன் பொருள் ஒரு மீட்டர் பின்னே நகர்ந்தால், முழு விமானத்தின் ஈர்ப்பு மையமும் 60-ஐ 360-ஆல் வகுத்த அளவு, அதாவது 17 சென்டிமீட்டர் பின்னே போகும். பத்து மீட்டர் சறுக்கினால் 1.7 மீட்டர். இத்தகைய விமானத்துக்கு அனுமதித்த வரம்பு முழுவதுமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். மையம் பின்னே போகப் போக மூக்கு மேலே எழும்; வாலில் உள்ள கிடைத்தகட்டால் அதை அமுக்கிப் பிடிக்க முடியாத கட்டம் வரும்.

எனவே புறப்படும் முன் விமானி எடையையும் மையத்தையும் கணினியில் பதிகிறார். வால்தகடு எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பது அதிலிருந்து கிடைக்கிறது. 747-400-இல் முன்சக்கரக் காலின் மேல் விழும் அழுத்தத்தை வைத்து விமானமும் ஒருமுறை சரிபார்க்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எச்சரிக்கும். ஆனால் ஓடத் தொடங்கியபின் சங்கிலி அறுந்தால் எந்தக் கணினியாலும் எதுவும் செய்ய இயலாது.

2013 ஏப்ரல் 29 அன்று ஆப்கானிஸ்தானின் பக்ராம் தளத்திலிருந்து ஐந்து ராணுவக் கவச வண்டிகளோடு ஒரு 747-400 சரக்கு விமானம் கிளம்பியது. வண்டிகளில் சில தலா 12 டன், மற்றவை தலா 18 டன் இருந்தன. மேலெழும் கணத்தில் குறைந்தது ஒரு வண்டியாவது கட்டறுத்துப் பின்னே உருண்டது. வாலுக்குள் புகுந்து, இரண்டு ஹைட்ராலிக் அமைப்புகளையும் வால்தகட்டை இயக்கும் பொறியையும் உடைத்தது. மூக்கு நிமிர்ந்து, வேகம் இழந்து, விமானம் ஓடுபாதையருகே விழுந்தது. ஏழு பேரும் இறந்தார்கள். விமானிகளிடம் குறையில்லை. கட்டிய முறையில் குறை இருந்தது.

தீயும் காற்றும்

சரக்கு விமானிகள் அஞ்சும் இன்னொன்று தீ. பயணிகள் விமானத்தின் கீழறையில் தீ பிடித்தால் வாயு பீய்ச்சி அணைப்பார்கள். 747 சரக்கு விமானத்தின் முதன்மைத் தளத்தில் அப்படியொரு ஏற்பாடு இல்லை. அவ்வளவு பெரிய வெளியை வாயுவால் நிரப்புவது நடைமுறைக்கு ஒத்துவராது. மாற்று வழி, காற்றையே எடுத்துவிடுவது. விமானிகள் ஆக்சிஜன் முகமூடி அணிந்து, காற்றழுத்தத்தை வெளியேற்றி, 25,000 அடி உயரத்தில் தீயைப் பட்டினி போட்டபடி அருகிலுள்ள நிலையத்துக்கு விரைவார்கள்.

லித்தியம் பேட்டரி இந்த உத்தியை முறியடிக்கிறது. சூடேறிச் சிதையும்போது அது தன் வெப்பத்தாலேயே பக்கத்துப் பேட்டரியைப் பற்றவைக்கும். வெளிக்காற்றுக்காக முழுதாகக் காத்திருக்காது. 2010 செப்டம்பர் 3 அன்று துபாயிலிருந்து கிளம்பிய ஒரு 747-இல் லித்தியம் பேட்டரிகள் இருந்த சரக்கில் தீ மூண்டது. புகை காக்பிட்டை நிறைத்துக் கருவிகளே தெரியாமல் போயின. விமானிகள் இருவரும் இறந்தனர். லித்தியம் அயனி பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக அனுப்ப 2016 ஏப்ரலிலிருந்து உலக அளவில் தடை வந்தது. சரக்கு விமானங்களில் கட்டுப்பாடுகளோடு அவை இன்றும் பறக்கின்றன. உங்கள் கைப்பேசிப் பொதியின் மேல் ஒட்டியிருக்கும் பேட்டரி எச்சரிக்கைச் சீட்டு அலங்காரத்துக்கு ஒட்டியதல்ல. பொதி அனுப்பும்போது உள்ளே பேட்டரி இருப்பதை மறைக்காதீர்கள்.

பக்ராம் விபத்தை ஆராய்ந்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், 2015-இல் அளித்த பரிந்துரைகளில் ஒன்று முக்கியமானது: தனிவகைச் சரக்கை ஏற்றுவது, கட்டுவது, கணக்கெழுதுவது ஆகியவற்றுக்குப் பொறுப்பானவர்களுக்கு அரசுச் சான்றிதழ் வேண்டும். விமானம் ஓட்டுபவருக்கு உரிமம் வேண்டும், பழுதுபார்ப்பவருக்கும் வேண்டும். அறுபது டன்னை எங்கே வைப்பது, எத்தனை சங்கிலியால் கட்டுவது என்று முடிவு செய்பவருக்கு மட்டும் அந்த நாட்டில் அது தேவைப்படவில்லை. சரக்கு விமானத்தின் பாதுகாப்பில் பாதி காக்பிட்டில் இருக்கிறது. மறுபாதி, விமானம் நகரும் முன்பே சரக்கறையின் தரையில் முடிவாகிவிடுகிறது.